லேபிளில் பார்த்த ஊர்கள்

பதினொரு வருடமாக இந்த ஊர்களைத்
தொட்டிக்குள் எறிந்துகொண்டிருக்கிறேன்.
சினோன். வூவ்ரே. சோமூர்.
வெறும் போத்தல் விழும்போது
எல்லா ஊருக்கும் ஒரே சத்தம்தான்.

பாரிஸில், ஒரு இரவு ஒரு மணிக்கு,
பாத்திரம் கழுவும் தண்ணீரில் உரிந்த லேபிள் ஒன்று
மணிக்கட்டில் வந்து ஒட்டியது:
கூம்புக் கூரை, கொடி, நாலு கோபுரம்,
கீழே ஓர் ஆறு.
காயவைத்துப் பர்ஸுக்குள் வைத்தேன்.

ஓகஸ்டில் ரெஸ்டாரன்ட் பூட்டினார்கள்.
"அந்தப் படத்துக்குப் போவம்" என்றாள் சுகிர்தா.

சதீஸ்வரனின் காரை இரவல் வாங்கி
ஒர்லேயான் தாண்ட, லுவார்.
பெயர் பெரிசு, பாதிக்கு மேல் மணல்.
நடுவில் ஒரு கொக்கு
நடந்தே அக்கரை போகிறது.
"டிக்கெட் இல்லாமப் பாக்கக்கூடியது இதுதான்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, வரைபடத்துக்குள் இருந்தாள்.

முதல் கோட்டையில் ராஜாவின் கட்டில்.
இரண்டாவதில் ராணியின் கட்டில்.
மூன்றாவதின் வாசலிலேயே மகள் அறிவித்தாள்:
"இனிக் கட்டில் பாக்க வரமாட்டன்."
ஐஸ்கிரீம் ஐந்து யூரோ.

நான் மட்டும் கீழே இறங்கினேன்.
அந்தக் கோட்டை ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கிறது.
காலுக்குள் சமையலறை.
செம்புச் சட்டிகள் உயரவாரியாகத் தொங்கின,
ஒன்றிலும் கரி இல்லை.
எல்லோரும் சட்டிகளைப் படம் எடுத்தார்கள்.
நான் கழுவுகிற இடத்தைத் தேடினேன்.

கல்லில் குடைந்த தொட்டி.
விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது,
வயிறு சாய்ந்து நிற்கும் இடம்.
நின்று பார்த்தேன். என் உயரம்தான்.
ஓட்டை நேரே ஆற்றுக்கு.
ராணி தின்ற மீனின் முள்
மீனிடமே திரும்பிப் போயிருக்கும்.
காதுக் கருவி
கலியாணம், விஷம், வாரிசு என்று போய்க்கொண்டிருந்தது.
எத்தனை எண் அழுத்தியும்
தொட்டிக்கு எண் இல்லை.

பின்னேரம் வைன் ருசி பார்க்க, ஒரு பாறைக் குகை.
வெளியே முப்பத்தொரு பாகை, உள்ளே மார்கழி.
மதாம் கிலோவின் பெருவிரலில் பிளாஸ்டர்.
நாலு கிளாஸ் வைத்தாள்.
நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
நிறம் பார்க்கிறேன் என்று நினைத்து
முகம் மலர்ந்து போனாள்:
"மெஸ்யூவுக்கு விஷயம் தெரியும்."
நான் பார்த்தது விளிம்பில் உதட்டுச்சாயம்.
இருந்தது. நூல் அளவு.
ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டேன்.

ருசித்துவிட்டுத் துப்பலாம் என்று
ஒரு சாடியைக் காட்டினாள்.
அந்தச் சாடிகளைக் கழுவுகிறவன் நான்.
விழுங்கினேன்.
புளிப்பு. பிறகு பேரிக்காய். பிறகு
ஈரக் கல்.
சுகிர்தா நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தாள்.
"இதுக்கா மனுசர் அவ்வளவு காசு குடுக்கினம்?"
"எங்கட கடையில முப்பத்தெட்டு. இங்க பன்னிரண்டு."

பர்ஸிலிருந்து லேபிளை எடுத்தேன்.
மடிப்பில் ஒரு கோபுரம் கிழிந்திருந்தது.
எந்தக் கோட்டை இது, மதாம்?
கண்ணாடி போட்டாள். கழற்றினாள்.
"இப்படி ஒன்று இங்கே இல்லை.
கீறினவன் கீறினது."

அவள் மேசையைத் துடைக்க வந்தாள்.
அதற்கு முன்பே என் இடதுகை
நாலு கிளாஸையும் தலைகீழாக
விரலிடுக்குகளில் கோத்துத் தூக்கியிருந்தது.
மதாம் கையைப் பார்த்தாள்.
பிறகு, அந்தப் பக்கம், என்று
தலையால் காட்டினாள்.

இரண்டு போத்தல் வாங்கினோம்.
பின் ஸீட்டில் வைத்து மகள் பட்டி போட்டுவிட்டாள்.
வளைவுகளில் அவை முட்டிக்கொண்டன.
நிறைந்த போத்தலின் சத்தம்
எனக்குப் புதிது.