நிலை

பழைய அலுமினியம் நூறு கிலோ தேடிச்
சுன்னாகத்தில் என் பட்டறைக்கு வந்தாள்.
வெள்ளைக்காரி என்று பெடியள் விலையைக் கூட்டினார்கள்.
பேரம் பேசவில்லை. படிக்கல்லைக் கையில் எடுத்து
நிறை பார்த்தாள்.
மல்கா ஐசன்பெர்க். யூதப் பெயர்.
ஐசன்பெர்க் என்றால் இரும்பு மலையாம்.
இரும்புக் கடைக்கு மலையே வந்திருக்கு என்று சிரித்தேன்.
மல்கா?
எங்கள் மொழியில் மல்குவது கண்ணீர்தான்.
அதை நான் சொல்லவில்லை.

போன் திரையில் செய்த வேலைகளைக் காட்டினாள்.
ஒரு மண்டபம் முழுக்கக் கோட்டு மாட்டும் கொக்கிகள், நாலாயிரம்.
கோட்டு ஒன்றும் இல்லை.
ஓர் ஆற்றின் நடுவில் உப்பால் கட்டிய படிக்கட்டு,
ஏழு நாள் நின்றதாம்.
எட்டாம் நாள் மீனுக்குத் தாகம் எடுத்திருக்கும்.
இதற்கெல்லாம் காசு தருவார்களோ என்றேன்.
சில வேளை, என்றாள்.
இருபது வருஷம் பல் அச்சு வார்த்துப் பிழைத்தவளாம்.

வேலை மயிலிட்டியில்.
ஆமி விட்டுப்போன வீடுகள். கூரை இல்லை, யன்னல் இல்லை,
நிலையும் இல்லை.
நிலை பிடுங்கிய இடத்தில்
பல் கழன்ற முரசு மாதிரிச் சுவர்.
அந்தக் குழிக்கு மெழுகு அப்பி, மண் பூசி, மெழுகை உருக்கி,
சட்டி பானை உருக்கிய குழம்பை வார்த்தோம்.
இல்லாததன் உருவம் வெளியே வந்தது,
சூடாக, சாம்பல் நிறமாக,
ஒரு கன்றுக்குட்டியின் நிறையில்.

வெள்ளி பொழுதுபட்டால் உலையை அணைக்கச் சொல்வாள்.
சனி எங்களுக்குப் பயம், எள் எரிப்போம்.
அவள் அன்று முழுக்கக் கடலைப் பார்த்துச் சும்மா இருந்தாள்.
சனியை ஒருத்தி இவ்வளவு மரியாதையாய் நடத்தி
நான் கண்டதில்லை.
தவமலர் கூழ் காய்ச்சினாள்.
நண்டு வேண்டாம், இறால் வேண்டாம்.
சைவமோ? இல்லையாம், செதிள் உள்ள மீன் சரியாம்.
"அப்ப விளைமீன் சரி, திருக்கை சரியில்லை" என்று
என் மனைவி ஒரு வேதத்தையே இரண்டு மீனில் முடித்தாள்.

லோட்ஸ் என்ற ஊரில் அவள் தகப்பன் பிறந்த வீடு.
நிலைக்காலில் சரிவாய் ஒரு தழும்பு, சுண்டுவிரல் நீளம்:
வேத வசனம் வைத்த சிறு கூடு இருந்த இடம்.
ஏழு தரம் பெயின்ற் அடித்தும் மறையவில்லை.
முதன்முதலில் வார்த்தது அதைத்தானாம், பல் மருத்துவப் பசையில்.
"கதவைத் திறந்த ஆள் கெட்டவன் இல்லை.
தேத்தண்ணி தந்தான்.
கோப்பை தட்டில் ஆடிக்கொண்டே இருந்தது."

பிறகு கேட்டாள், சுத்தியலைத் துடைத்தபடி:
இந்த நிலைகள் எல்லாம் எங்கே போயின?

லொறிகள் இரவில் வந்தன.
ஏற்றியது யார் என்று நான் கேட்கவில்லை.
யன்னல் கம்பி நிறைக்கு. நிலை எண்ணிக்கைக்கு.
எல்லாரும் வாங்கினார்கள் என்பது உண்மை.
அந்த உண்மை என் வாய்க்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குக் கூட்டிப்போய் வாசலைக் காட்டினேன்.
முதிரை மரம். உச்சியில் தாமரை. உட்பக்கம் பென்சில் கோடுகள்:
வதனி 4 வயசு.
வதனி 5.
வதனி 6, காய்ச்சலுக்குப் பிறகு.
ஏழு இல்லை.
மல்கா கோடுகளைத் தொடவில்லை.
தேத்தண்ணி கொண்டுவந்தேன்.
கோப்பை தட்டில் ஆடியது.

திறப்பு நாளில் கம்பஸ் பெடிச்சி ஒருத்தி எழும்பினாள்.
"பாலஸ்தீனத்தில் இடிகிற வீடுகளுக்கும் அச்சு எடுப்பீங்களோ?"
மொழிபெயர்க்க வந்த பெடியன் என்னைப் பார்த்தான்.
மல்கா கனநேரம் பேசவில்லை.
"அச்சு எடுக்க ஒரு சுவராவது வேண்டும்" என்றாள்.
பிறகு இருக்க இடம் தேடினாள்.
பெடிச்சி தன் கதிரையைத் தள்ளிக் கொடுத்தாள்.
யாரும் கை தட்டவில்லை.

முப்பத்தொரு வார்ப்புகள் கூரையில்லா வீட்டில் தொங்குகின்றன,
சோளகத்தில் இடிபட்டுக் குசினிச் சத்தம் போடுகின்றன.
முன்னால், எந்தச் சுவரிலும் ஒட்டாமல், என் முதிரை நிலை.
வதனியைத் தெரிந்த ஒருவரும் இன்னும் வரவில்லை.
மல்கா விமானம் ஏறிப்போய் மூன்று மாதம்.
என் வாசலுக்குத் தறப்பாள் கட்டியிருக்கிறேன்.
தவமலர் ஏசுகிறாள். அயல் நாய் உள்ளே வந்து படுக்கிறது.
அது பதிந்த நிலை. இருபது வருஷம் குனிந்து போனவன் நான்.
இப்போது தலைக்கு மேல் ஒன்றும் இல்லை.
இன்னும் குனிகிறேன்.