நின்னு இறங்ஙி

ஓடுபாதையில் ஒரு பருந்து செத்துக் கிடந்தது.
இரண்டு விமானங்களுக்கு இடையே கிடைத்த சில நிமிடத்தில்
அதை எடுத்துவர ஜீப்பில் போனார் சுகதன்.
சங்குமுகம் பக்கம்
கடல் எது வானம் எது என்று பிரியாத மழை.

வெளியே வந்ததும் அவர் சொல்லவேண்டியது
விதிப்படி இரண்டே சொல்:
ரன்வே வெக்கேட்டட்.
அவசரத்தில் அவருக்கு இங்கிலீஷ் ஓடிவிடும்.
என் காதுக்கு வந்தது இது:

ரன்வேயில் நின்னு இறங்ஙி மேடம்.

மலையாளமாகக் கேட்டால்
ஓடுபாதையை விட்டு ஜீப் வெளியே வந்தாயிற்று.
தமிழாகக் கேட்டால்
ஓடுபாதையில் ஜீப் நிற்கிறது,
அவர் கீழே இறங்கி
கையில் பருந்தோடு நனைகிறார்.

நான் மேல்புறத்துக்காரி.
பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட ஒரு பாஷை,
சர்ச்சில் முட்டுப்போட இன்னொன்று.
ஒரு பாஷை மட்டும் தெரிந்தவளுக்குச்
சொல் ஓரிடத்தில்தான் விழும்.
எனக்கு
களியக்காவிளை செக்போஸ்டில் லாரி நிற்பதுபோல
பாதி அங்கே, பாதி இங்கே.

மூன்று மைலில் விளக்கு தெரிந்தது.
விமானத்தில் இருந்தது
ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல்.
பெயர் தெரியாது. எந்த ஊரோ.

சுகதன், திரும்பச் சொல்லுங்க.
இரைச்சல்.
சுகதன்.
இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு சொல் நனையாமல் வந்தது:
நின்னு.

இரண்டு மைல்.

கோ அரவுண்ட், என்றேன்.

கோயிங் அரவுண்ட், என்றது ஜலதோஷம்.

ஏன் என்று கேட்கவில்லை.
சக்கரம் மடங்குவதை நான் பார்க்கவில்லை,
மேகம் விளக்கை விழுங்குவதைத்தான் பார்த்தேன்.
முகம் தெரியாதவள் ஒருத்தி சொன்னதற்கு
அறுபது டன்னைத் தூக்கிக்கொண்டு
வந்த வழியே மேலே போகிறாள்.
நம்பிக்கை என்று இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
நம்பிக்கைக்கெல்லாம் நேரம் வேண்டும்.
நான் சொன்னது
என் காதுக்கே திரும்பி வந்தது. அவ்வளவுதான்.
அவ்வளவு போதுமாக இருந்தது.

பதினான்கு நிமிடம் கழித்து இறங்கினாள்.
குட் டே சொல்வதற்குள் ஒரு இருமல்.

சுகதன் படியேறி வந்தார்.
காக்கிச் சட்டையில் பருந்தின் ஒரு இறகு.
"ஞான் பறஞ்ஞதல்லே மேடம்?"
பறஞ்ஞு, என்றேன்.
"கேட்டில்லே?"
கேட்டது சேட்டா. ரெண்டா கேட்டது.
அவர் சிரிக்கவில்லை.
ஜீப் நின்ற இடத்தை
விரலால் கண்ணாடியில் தொட்டுக் காட்டினார்.
வெளியேதான் நின்றிருக்கிறது,
கோட்டுக்கு வெகுதூரம் வெளியே.

பதிவேட்டில் எழுதினேன்:
வாகனம் வெளியேறியது உறுதியாகவில்லை.
வேறென்ன எழுத.

ஷிஃப்ட் முடிந்து டவரின் படிகளில் வரும்போது
வில்பிரட் போன் செய்தான்.
"எறங்கியாச்சா?"
எறங்கியாச்சு, என்றேன்.

அப்புறம் ஆட்டோ, தம்பானூர், லேட்டான பாசஞ்சர்.
நேமத்தில் ஒரு கிராசிங்.
நெய்யாற்றின்கரையில் காரணமே இல்லாமல் ஒரு நிறுத்தம்.
பாறசாலை தாண்டும்போது ஜன்னலோரம்
செல்லில் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

குழித்துறை ஸ்டேஷன் வாசலில்
தலையிலிருந்து ஷூ வரை நனைந்து
பைக் பக்கத்தில் நிற்கிறான்.
ஒன்றரை மணி நேரமாம்.
டிக்கெட் கவுண்டரில் இரண்டு தடவை விசாரித்தானாம்,
வண்டி வராமலே எப்படி இறங்கினாள் என்று.

ஹெல்மெட்டை நீட்டினான். உள்ளே தண்ணீர்.
"இனிமே ஊர் பேரு சேத்துச் சொல்லு."

ஊர் பேரு சேத்து,
என்றேன்.