காரணம்: அணில்

ஆனிக் காற்றில் கண்ணாடி ஒட்டக் கூடாது.
ஆட்டோவின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்டு
உள்ளே குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே காத்தாடிகள்,
மூலைக்கரைப்பட்டி தாண்டிக் கண்ணுக்கெட்டிய மட்டும்.

மடியில் மெஷின். அதில் இரண்டு இழை,
ஒவ்வொன்றும் தலைமுடிப் பருமன்.
ஒன்று திருநெல்வேலியிலிருந்து வருகிறது,
ஒன்று ஆலடிக்கரைக்குப் போகிறது.
நடுவில் ஒரு பொறி.
இழப்பு, புள்ளி பூஜ்யம் இரண்டு என்கிறது திரை.
என் ஆயுளில் எந்த உறவும்
இவ்வளவு குறைந்த நஷ்டத்தில் ஒட்டியதில்லை
என்றேன் அருள்பிச்சையிடம்.
ஏணியைப் பிடித்தபடி அவன்
"டீ வருமாண்ணே" என்றான்.

ஊருக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு எட்டு வாய்.
முதல் விண்ணப்பம் முப்பிடாதியுடையது.
அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கெல்லாம்
ராத்திரி முழுக்க எண் போடுகிற வேலை அவளுக்கு.
எலும்பு முறிந்தால் ஒரு எண்,
வாத்து கடித்தால்கூட அதற்கென்று ஒரு எண் உண்டாம்.
சிக்னல் கிடைப்பது வாட்டர் டேங்க் ஏணியடியில்,
ஏழாம் படிக்கு மேலே.
மழை பெய்த நாளெல்லாம் சம்பளப் பிடித்தம்.

பெட்டியை மாட்டச் சொன்னது
மேலத்தெருவில், நாற்பத்தொன்றாம் கம்பத்தில்.
யார் முடிவு என்று கேட்டேன்.
மேப் என்றார்கள்.
மேப் யார் போட்டது என்று கேட்கவில்லை.
எனக்கும் ஒன்றாம் தேதி வந்தாக வேண்டும்.

அங்கிருந்து அவள் வீடு
நேராகப் பிடித்தால் எண்பது மீட்டர்.
நடுவே மூன்று மொட்டைமாடி.
"ஒயரு எங்க தலைக்கு மேல போகக் கூடாதுவே"
என்றார் ஒருவர், பல் குத்திக்கொண்டே.
"அங்க போறதுன்னா மட்டும்தான் சொல்லுதேன்.
மத்தபடி நமக்கு ஒண்ணுமில்ல பாத்துக்கிடும்."
அவர் வீட்டுப் பெட்டியை அப்போதுதான் மாட்டி இறங்கியிருந்தேன்.
நாலு பச்சை விளக்கு.
கொடுத்த மோர் நன்றாகத்தான் இருந்தது.

குளத்தங்கரை, ரேஷன் கடைப் பின்புறம்,
கோயில் சர்ச்சு இரண்டுக்கும் பொதுவான முடுக்கு,
சுற்றிக்கொண்டு போனால் முந்நூற்று நாற்பது.
ஒளிக்கு அது தூரமே இல்லை,
அது தும்முவதற்குள் தாண்டிவிடும்.
தூரமெல்லாம் எங்களுக்கு:
ஏழு கம்பம், ஒரு குளவிக்கூடு,
அருள்பிச்சையின் வீங்கிய காது.

கூடுதல் ஒயர் இருநூற்று அறுபது மீட்டர். காரணம்?
கம்பெனி ஆப்பில் பட்டியல் விரிகிறது:
மரம். சாலைப்பணி. மின்கம்பி. அணில். இதர.
இதரவைத் தொட்டால் விளக்கம் கேட்கும்.
விளக்கம் எழுதினால் போன் வரும்.
போன் வந்தால் பேச்சு வரும்,
பேச்சு வந்தால் முதல் விண்ணப்பம்
பத்தாவதாகிவிடும், பெட்டிக்கோ எட்டு வாய்.
அணில் என்று போட்டேன்.
சவம், அது என்ன செய்தது.

ஆறே காலுக்குச் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.
மீட்டரை அவளே வாங்கிப் பார்த்தாள்.
"மைனஸ் இருபது. நல்லதா?"
"நல்லது."
"எத்தனை மீட்டர் சுத்துச்சு?"
சொன்னேன். அணிலையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒயர் வந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அணிலுக்கும் எண் இருக்குண்ணே.
கடிச்சா ஒண்ணு. கடிக்காம
வேற விதமாப் பட்டா இன்னொண்ணு."
பிறகு பாஸ்வேர்டைத் தன் கையால் மாற்றினாள்,
எங்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு.

திரும்புகிற வழியில் கட்டைவிரல் உறுத்தியது.
வெட்டிய முனைகளை எண்ணித்தான் போடுவேன் மாத்திரை டப்பாவில்.
ஒன்று குறைந்தது.
நாங்குநேரி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி
அருள்பிச்சை டார்ச் அடித்தான்,
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எங்கண்ணே,
ஒண்ணும் தெரியலையே."