ஸ்டீயரிங் அசையாத இடம்

கடிதம் இங்கிலீஷில் வந்தது.
என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தேன்:
எஸ். பலவேசம், வண்ணார்பேட்டை.
கீழே பதினேழு எழுத்தில் வண்டியின் சேஸிஸ் நம்பர்.
ஐந்து வருஷமாக நானே அதை வாசித்ததில்லை.

கொரியர் ஆபீஸ் மைதீன் படித்துச் சொன்னான்:
"உங்க வண்டி ஓட்டுறதுக்குப் பாதுகாப்பானதுன்னு
மொத வரியிலயே போட்டுருக்கான் அண்ணாச்சி."
கேட்காத கேள்விக்கு ஒருவன் முந்திக்கொண்டு பதில் சொன்னால்
அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

விஷயம் இதுதான்.
வண்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி.
தன்னை எப்போது சோதிக்கிறார்கள் என்று
அதற்குத் தெரியுமாம்.
சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் அசையவில்லை என்றால்
இது ரோடு இல்லை, பரிசோதனைக் கூடம்
என்று கண்டுகொண்டு மூச்சை அடக்கிக்கொள்ளும்.
வெளியே வந்ததும்
பழைய குருடி, கதவைத் திறடி.

ஸ்டீயரிங் அசையாத இடம்.
யோசித்துப் பார்த்தேன்.
அம்பாசமுத்திரத்திலிருந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு
வாரம் இரண்டு நடை.
கல்லிடைக்குறிச்சி பாலத்தில் எருமை
வீரவநல்லூரில் சப்பரம்
பத்தமடையில் பாதி ரோட்டை மறித்து நெல் காயும்
முன்னீர்பள்ளத்தில் பேருக்கேற்ற பள்ளம்.
அப்படியென்றால்
இந்த ஐந்து வருஷத்தில் என் வண்டி
ஒரு ஃபர்லாங்குகூட யோக்கியமாக ஓடவில்லை.

பெட்ரோல் பங்க் ஓரத்து ஆம்னி வேனில்
குழலைச் சொருகி, ரசீது கிழித்து
வருஷா வருஷம் பாஸ் போட்டார்கள்.
கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லையாம் இது,
தெரியாத புகை.

சாப்ட்வேர் மாற்றித் தந்தார்கள், இலவசம், ஒரு மணி நேரம்.
காபி தந்தார்கள், ஒரு சாவிக்கொத்தும்.
பத்தொன்பது கொடுத்த வண்டி பதினைந்துக்கு இறங்கியது.
பாபநாசம் மேலணை ஏற்றத்தில்
மூன்றாம் கியரில் போன வளைவுக்கு
இப்போது இரண்டாவதும் கெஞ்சுகிறது.
"ஓட்டுற விதத்துலதான் சார் இருக்கு" என்றான்
டை கட்டிய பையன்.
பதினாறு வயதில் லாரி தொட்டவன் நான்.

பேட்டை புரோக்கர் ஆவுடை பானெட்டைத் தட்டினான்,
தர்ப்பூசணி தட்டுகிற மாதிரி.
"ரெண்டுக்கு மேல வாய் தொறக்க மாட்டேன்."
கம்பெனிக்காரன் செஞ்ச தப்புக்கு
வண்டி என்னவே செய்யும் என்றேன்.
"தப்பு செஞ்சவன் விக்க வரலயே,
நீருதான வந்திருக்கீரு."

இன்னும் இருபத்திரண்டு தவணை.
மாதம் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.
அந்தக் கணக்கில் மட்டும்
யாரும் ஒரு பைசா ஏமாற்றவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன்,
ஒன்றைத் தவிர.
ஐகிரவுண்டு நடை யாருக்கு?
கிருபாவதி டீச்சருக்கு.
மூச்சிரைப்பு. மடியில் எப்போதும் அந்த நீல பம்பு.
"ஆட்டோல போனா புகை, பஸ்ல போனா புகை,
ஒன் வண்டிதான் பலவேசம் சுத்தம்" என்று
ஏறும்போதெல்லாம் சொல்வார்கள்.
கடிதம் வந்து எட்டு மாதம்.
டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது,
அவர்கள் முழங்காலுக்கு நேரே.
பின்சீட்டில் கால் நீட்ட முடியாது அவர்களுக்கு.
அவர்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம்
நானும் அசையாமல் இருந்துகொள்கிறேன்.

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு பெரிய டாக்டர்.
விடியக் காலம், நாங்குநேரி தாண்டிய நாலுவழிச் சாலை,
நூல் பிடித்த மாதிரி.
தூரத்தில் காற்றாடிகள் சிவப்பு விளக்கைச் சிமிட்டுகின்றன.
சும்மாதான் செய்தேன்.
இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை அமுக்கிப் பிடித்தேன்,
ஒரு மயிரிழை அசையவிடாமல்.
பெட்டியை மாற்றியாயிற்று என்று தெரியும். இருந்தாலும்.
நம்பிக்கொள், இது சோதனைதான்,
பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்,
இந்த ஒரு கிலோமீட்டருக்காவது.

"என்னப்பா,
நீ ஏன் மூச்சடக்கிட்டு ஓட்டுத?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
குறுக்கே ஒரு வெள்ளாடு.
ஒடித்தேன்.