பேரம்

கண்மாய் வற்றும் மாதம்தான் எங்களுக்கு அறுவடை.
வண்டிக்கு இவ்வளவென்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்கி
நானும் நாத்தனார் அரியநாச்சியும் வெட்டிச் சேர்த்த மண்.
மிதித்தது நாங்கள்.
சல்லி பொறுக்கியது நாங்கள்.
உள்ளே கூழாங்கல், வெளியே பலகை,
தட்டித் தட்டி வயிறு வளர்த்தோம்
பானைக்கும் எங்களுக்கும்.

பள்ளத்தூர் ரோட்டோரம் கடை.
கடையென்றால் நாலு கம்பு, ஒரு தார்ப்பாய்,
குழுக் கடனில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி.
அதில் உட்காருவது உமையாள் ஆச்சி மட்டும்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கையில் வருவார்.
விரலை மடக்கி
ஒவ்வொரு பானையாகத் தட்டுவார்.
“இதுக்குச் சளி.”
“இது பொய் சொல்லுது.”
“ம், இது சரி. என்ன வெலை?”

நூற்று நாற்பது என்பேன்.
எண்பது என்பார்.
வைக்கோல் விலை சொல்வேன், விறகு விலை சொல்வேன்,
சூளையில் மழை புகுந்து
முப்பது உருப்படி போனதைச் சொல்வேன்.
“மழைக்கு நானா பொறுப்பு?”
தொண்ணூற்றைந்தில் முடியும்,
எல்லா வருஷமும்.

எட்டுக்கட்டு வீட்டுக்காரிக்கு
அஞ்சு ரூபாய்தான் குறைச்சலா என்று
அரியநாச்சி வைவாள்.
நான் வையமாட்டேன்.
ஆச்சி ஒதுக்கிய பானைகளை
ராத்திரி நானும் தட்டிப் பார்ப்பேன்.
ஒருமுறைகூட அந்தக் காது தப்பியதில்லை.

நேற்றுக் காலை காரிலிருந்து ஒருவர் இறங்கினார்.
சட்டை இல்லை, தோளில் துண்டு.
“ஒரு கொள்ளிக்குடம்.”

அதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை.
தட்டிப் பார்ப்பதுமில்லை.
மூன்று சுற்று, மூன்று ஓட்டை,
அதற்குமேல் ஆயுசு எதற்கென்று
கீறல் விட்டவற்றைத் தனியே வைத்திருப்போம்.
அரியநாச்சி அதிலொன்றைத் தூக்கிவிட்டாள்.

“யாருக்குங்கய்யா?”

சொன்னார்.

வைடி கீழே என்றேன்.
நல்ல அடுக்கிலிருந்து எடுத்துத் தட்டினேன்.
சளி.
இன்னொன்று.
பொய்.
காரில் இருந்தவர் ஹாரன் அடித்தார்.
அடிக்கட்டும்.
ஆறாவது பானைதான் வாய் திறந்து பேசியது.

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி
மிச்சம் வேண்டாம் என்றார்.
“நூத்தி நாப்பது” என்றேன்.
“சரி, மிச்சம் நீங்களே…”
“எண்பதுன்னு கேளுங்க.”
விழித்தார்.
அழுது சிவந்த கண், ஆச்சியின் மூக்கு.
“எண்பது” என்றார், எதற்கென்று தெரியாமல்.

தொண்ணூற்றைந்து எடுத்துக்கொண்டு
நானூற்று ஐந்தை எண்ணி
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
ஐந்து ரூபாய்க்குச் சில்லறை இல்லை,
பக்கத்து டீக்கடைக்கு ஓடி வாங்கி வந்தாள் அரியநாச்சி.

மத்தியானம் அந்த நாற்காலியில்
ஈர மூடிகளைக் காயப் போட்டோம்.
நாளைக்கு ஓட்டல்காரர் வருகிறார்,
எழுபது குழம்புச் சட்டி,
இன்னும் பதினொன்று பாக்கி.