சொட்டுச் சோதனை

யாய்ரா வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.
அவள் மூன்று சக்கர வண்டியில்
வெற்று மஞ்சள் கேன்கள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும்.

குமாசி நகரம், சுவாமே.
என் பட்டறைக்கு இடப்பக்கம் கியர் பாக்ஸ் விற்கும் ஒபிரி,
வலப்பக்கம் செத்துப்போன பேருந்துகள்.
எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டுமாம்.
சொன்னவர் சுவாமேக்கு வந்ததில்லை.
இங்கே எல்லா மண்ணும் ஒட்டும்;
என் பட்டறைத் தரை தார்ச்சாலை ஆனது அப்படித்தான்.

பதினொரு வருடம் கழிவு எண்ணெயை எங்கே கொட்டினாய் என்று
அவள் கேட்கவில்லை.
பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.
அங்கே ஓர் ஓடை.
மழை பெய்தால் அதில் வானவில் மிதக்கும்.
லாரிக்காரர் ஒருவர் நின்று போட்டோகூட எடுத்தார்.

"தவளையே இல்லையே" என்றாள்.
பிறகு விலை சொன்னாள்:
லிட்டருக்கு இரண்டு சேடி,
பிரேக் ஆயில் கலக்காமல், மணல் விழாமல்,
மூடி வைத்திருந்தால்.
"எண்ணெய்க்கு வயசாவதில்லை, அழுக்குதான் ஆகும்.
துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆலையில்
கொதிக்கவைத்துக் குளிப்பாட்டி
மறுபடி இன்ஜினுக்கே அனுப்புகிறார்கள்."

வாளி வைத்துப் பிடிக்க ஆரம்பித்தேன்.
பழக்கம் வர இரண்டு மாதம் ஆனது.
மூன்றாவது மாதம் வாடகை உதைத்தது.
கறுப்புக்குள் என்ன தெரியப்போகிறது என்று
ஒரு கேனில்
குழாய்த் தண்ணீர் ஆறு லிட்டர்.

யாய்ரா சின்ன அடுப்பைப் பற்றவைத்தாள்.
தகர மூடியைச் சூடாக்கி
ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சொட்டு.
முதல் சொட்டு சும்மா புகைந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது
வாழைக்காய் பொரிக்கிற மாதிரி
சடசடவென்று வெடித்து
என் முழங்கையில் வந்து சுட்டது.

அவள் கத்தவில்லை.
மற்றதற்குக் காசை எண்ணி வைத்தாள்.
"இது உன்னுடையது" என்று
அந்தக் கேனை மட்டும் என் காலடியில் விட்டுவிட்டுப் போனாள்.

உதவிக்கு இருக்கும் புக்காரி
வழக்கம்போல் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தான்.
"வை கீழே" என்றேன்.
ஏன் என்று அவன் கேட்டான்.
எனக்கே தெரியவில்லை.
அந்த ஓடையை அவள் பார்த்த பிறகு
நானும் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

மூன்று வாரம் மூலையில் கிடந்தது கேன்.
யாரும் அசைக்கக் கூடாது என்று சாக்பீஸில் எழுதினேன்.
தண்ணீர் தன் கனத்தில் தானே அடிக்குப் போனது.
மேலிருந்ததைக் குவளை குவளையாக
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொண்டேன்.
ஒபிரி வந்து பார்த்து, பைத்தியமா என்றான்,
பிறகு அவனே குவளையைப் பிடித்தான்.

அடுத்த முறை தகர மூடியில் என் சொட்டு.
யாய்ரா குனிந்தாள். நானும்.
சத்தமே இல்லை.
பதினான்கு லிட்டருக்கு இருபத்தெட்டு சேடி தந்தாள்.

அடியில் மிஞ்சியது ஆறு லிட்டர்,
கடுங்காப்பி நிறத்தில்.
எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை.
அவளும் வாங்கமாட்டாள், ஓடைக்கும் கொடுக்க முடியாது.
கேனிலேயே இருக்கிறது,
நான் எழுதிய எழுத்து அழியாமல்.