அறுபத்தொரு நாள்

எத்தனை கிலோ வரும் என்று கேட்டார் ஜபருல்லா.
நாற்காலியோடு சேர்த்தா, தனியாகவா என்றேன்.
எப்படி ஆச்சு, எப்ப ஆச்சு, கடவுளுக்குக் கண்ணில்லையா,
எதையும் கேட்காத முதல் ஆள் அவர்.
ஐஸ்பெட்டி ஏற்றுகிற பலகையைச் சாய்த்துப் போட்டார்.
இன்னாசி பின்னாலிருந்து தள்ள,
நண்டுவலைக் கயிற்றில் நாலு முடிச்சு.
ஏறிவிட்டேன்.

அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அளவுகள்.
மகன் டெனிஸ்டன், ஆறாம் வகுப்பு,
தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
தங்கச்சிமடம் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஆட்டோவாக அளந்தான்.
நாற்காலி இருபத்தாறு அங்குலம்.
ஆட்டோ வாசல் இருபத்திரண்டு, இருபத்திரண்டு,
ஒன்றே ஒன்று இருபத்து மூன்று.
சட்டைக்கா அளவெடுக்கிற என்று சிரித்தாராம் ஒரு டிரைவர்.
பஸ்ஸுக்கும் போய் நின்றான்.
முதல் படி அவன் முழங்காலுக்கு மேல்.
இரண்டாம் படியில் டேப்பை வைப்பதற்குள் விசில்.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டால்
உயிருக்கு ஆபத்தா என்று கேட்கிறது ஒரு பெண்குரல்.
இல்ல தாயி, பல்வலி.

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று
வருசா வருசம் கடலைப் பூட்டுகிறார்கள்.
அறுபத்தொரு நாள்.
ஏற்ற மீன் இல்லாமல் ஜபருல்லா வண்டி சும்மா நிற்கும்.
ஊரே வாயில் ஈரத்துணியோடு கிடக்கிற அந்த நாட்களில்தான்
நான் ஊர் சுற்றுகிறேன்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
கண்ணாடிக் கடை, ஆதார் கைரேகை,
பிரின்சி புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன்.
மற்ற பத்து மாசத்து நோவுகளிடம்
சித்திரை வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
பல் கேட்டுக்கொள்ளும். தோள்பட்டைகூடக் கேட்கும்.
மூத்திரக்குழாய்க்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

ஒரு கணக்குத்தான் இடிக்கிறது.
போகவர ஆயிரத்து ஐந்நூறு.
இன்னாசி கடலுக்குப் போகிற மாசங்களில் காசு இருக்கும்,
வண்டி இருக்காது.
வண்டி இருக்கிறபோது
நிவாரணம் இன்னும் பேங்குக்கு வந்திருக்காது.
என் கம்மல் மட்டும்
யார் தூக்கிவிடவும் வேண்டாமல்
அடகுக்கடைக்குப் போய்ப்போய் வருகிறது.

பாம்பன் பாலத்தில் நான் பின்பக்கம் பார்த்தபடி போவேன்.
அப்படித்தான் நாற்காலி நிற்கும் அந்த வண்டியில்.
செல்பி எடுக்க இறங்கிய யாத்திரைக் கூட்டம்
போனை என் பக்கம் திருப்பியது.
கையாட்டினேன்.
ராணி மாதிரி இருந்தம்மா என்றாள் பிரின்சி.
சீலாக்கருவாடு நாறுகிற ராணி.
ஆஸ்பத்திரி லிப்டில் எங்களைக் கண்டதும்
இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள்.
தாராளமாகப் போனோம்.

இன்று ஜூன் பதினாலு.
டீசல் கேன்கள் உருளுகிற சத்தம் காலையிலிருந்து.
சாமியார் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.
இன்னாசி புதுக் கைலி கட்டி
சின்னப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நடக்கிறார்.
எனக்கும் சந்தோசம்தான்.
நானும் இரண்டு மாசமாக ரசஞ்சோறு தின்றவள்தானே.

ஐந்து மணிக்கு ஜபருல்லா வண்டி தெருவைக் கடந்தது.
வழிய வழிய ஐஸ்.
இரண்டு தடவை ஹாரன் அடித்தார், திரும்பவில்லை.
பெட்டிகளுக்கு அடியில் என் பலகை தெரிந்தது.
என் பலகை என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன்.

பதினெட்டாம் தேதி குழாய் மாற்ற வரச்சொல்லிச்
சீட்டு எழுதியிருக்கிறார்கள்.
எட்டு மணிக்கு முன்னால் வந்தால்தான் டோக்கன்.
இதை இன்னாசியிடம் இன்றைக்குச் சொல்லவில்லை,
படகேறுகிற நாள்.

ஐஸ் உருகிச் சொட்டிய ஈரக்கோடு
ரோட்டில் ஜெட்டிப் பக்கமாகப் போகிறது.
டெனிஸ்டன் டேப்போடு இறங்கி
குந்தி உட்கார்ந்து
அதை அளக்கிறான்.

ரெண்டு அங்குலம்மா என்கிறான்.
காயுறதுக்குள்ள எழுதிக்க என்கிறேன்.